குடுவைகள் சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர், எந்த வம்சம் என்றெல்லாம் என்னைக் குடையாதீர்கள். சொன்னால் அவருடைய பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் எழுந்து பல் விளக்கி முடிப்பதற்குள் ஏதாவது ஒரு ஆசை அவர் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள், அரண்மனை யானைகள் எல்லாம் வரிசையாகத் தும்ம வேண்டும் என்பார். இன்னொரு நாள், மழை வடக்குத் தெருவில் மட்டும் பெய்ய ஏற்பாடு செய்யச் சொல்வார். இதையெல்லாம் சமாளிப்பதற்கென்றே அந்தச் சபையில் குழைக்காதன் என்றொரு விகடகவி இருந்தான்.

குழைக்காதனுக்குச் சம்பளம் கிடையாது. ராஜா சிரித்தால் பரிசு, சிரிக்காவிட்டால் வெறுங்கை. ஒரு சமயம் ராஜாவுக்குப் பல்வலி வந்து மூன்று மாதம் சிரிக்கவே இல்லை. அந்த மூன்று மாதமும் விகடகவியின் வீட்டில் அடுப்பு எரிந்ததென்றால் அது அவன் மனைவி மங்கத்தாயின் சாமர்த்தியம். அவள் உலகம்மாளின் தைலத்தைத் தெருத்தெருவாக விற்று வந்தாள்.

உலகம்மாள் ஆற்றங்கரைத் தெருவில் பன்னிரண்டு பெண்களை வைத்துக்கொண்டு முடக்கறுத்தான் தைலம் காய்ச்சுகிறவள். மூட்டுவலி, முதுகுப்பிடிப்பு எல்லாவற்றுக்கும் கண்கண்ட மருந்து. அவளுக்குக் கடை கிடையாது. முந்நூறு பெண்கள் அவரவர் தெருவில் மண்குடுவைகளைக் கொண்டுபோய் விற்றுக் கொடுத்துத் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி இன்னொருத்தியைக் கூட்டிவந்து தொழில் பழக்கிவிட்டால், பழகியவள் விற்கும் தைலத்தில் பழக்கியவளுக்கும் சொற்பம் உண்டு. யாரையும் கூட்டி வராதவளுக்கும் குறைவில்லை, தான் விற்றதற்கு உண்டானது கைக்கு வந்துவிடும். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. விற்காத குடுவையைத் திருப்பிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள்.

புதிதாக வருகிறவளிடம் உலகம்மாள் முதல் நாளே சொல்லிவிடுவாள். "இந்தா பாரு தாயி, இதுல மாடிவீடெல்லாம் கட்ட முடியாது. ஒல கொதிக்கும். அம்புட்டுத்தான்."

இதைப் பார்த்து ஒருவனுக்கு மூளை வேலை செய்தது. அவன் பெயர் தாண்டவராயன். சபையில் ராஜாவுக்கு அடுத்தபடியாக உட்கார்ந்திருந்த பிரதானி அனந்தப்பரின் மைத்துனன். 'பூலோக சஞ்சீவி லேகியம்' என்று ஒன்றைக் குடுவையில் அடைத்து, வாயை அரக்கு முத்திரையால் மூடி, ஊரைக் கூட்டினான். தினம் சுண்டைக்காய் அளவு சாப்பிட வேண்டும். ஒரு குடுவை ஒரு மண்டலத்துக்கு, அதாவது நாற்பத்தெட்டு நாளுக்கு, வரும். ஆனால் லேகியத்தின் பெருமையைச் சொல்ல அவன் எடுத்துக்கொண்டது அரைக் கணம்தான். மீதிப் பேச்செல்லாம் வேறு.

"பத்து வராகன் கட்டிப் பத்துக் குடுவை வாங்கிச் சேருங்க. உங்களுக்குக் கீழ மூணு பேரச் சேர்த்து விடுங்க. அந்த மூணு பேரும் ஆளுக்கு மூணு பேரச் சேர்ப்பாங்க. ஒவ்வொருத்தர் சேரும்போதும் மேல இருக்கற உங்களுக்கு ஒரு வராகன். அப்புறம் நீங்க கைய கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கலாம்!"

கையைக் கட்டிக்கொண்டு உட்கார யாருக்குத்தான் கசக்கும்? ஊர் முண்டியடித்துக்கொண்டு சேர்ந்தது. ஐந்தே மாதத்தில், சேர வேண்டியவர்கள் எல்லாரும் சேர்ந்து முடித்துவிட்டார்கள். புதிதாகச் சேர ஆள் இல்லை. கடைசியில் சேர்ந்தவர்கள் குடுவைகளை அடுக்கி வைத்துக்கொண்டு வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தார்கள்.

அப்படிக் காத்திருந்து அலுத்துப்போன பேச்சிமுத்து என்ற வெற்றிலை வியாபாரி ஒரு நாள் சபைக்கே வந்துவிட்டான்.

"மகாராசா, பாலு கறந்துக்கிட்டு இருந்த பசுமாட்ட வித்துச் சேர்ந்தேன். எனக்குக் கீழ சேர ஒருத்தரும் இல்ல. மச்சானக் கேட்டா அவரு எனக்கு மேல இருக்காரு. சம்பந்தியக் கேட்டா அவரு மச்சானுக்கும் மேல இருக்காரு. நான் யாரத்தான் கேக்கறது?"

சபையில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களும் யாருக்கோ மேலே இருந்தவர்கள்தான். பிரதானி அனந்தப்பர் சட்டென்று எழுந்தார். பழியை மடைமாற்றுவதில் அவர் கெட்டிக்காரர்.

"பிரபு! ஒருவருக்குக் கீழ் ஒருவரைச் சேர்க்கும் இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவள் தைலக்காரி உலகம்மாள். அவளிடம் முந்நூறு பெண்கள் அடைபட்டுக் கிடப்பதால்தான் இந்த ஏழைக்குச் சேர்க்க ஆள் கிடைக்கவில்லை. அவளுடைய தைலக் கொட்டகையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்."

அந்த முந்நூறு பெண்கள் மீது அவருக்கு நெடுநாளாகக் கண். அவர்கள் பிழைப்பு போனால் நேரே லேகியத்தில் வந்து விழுவார்கள் என்பது கணக்கு. இது குழைக்காதனுக்குப் புரிந்துவிட்டது.

"மகாராஜா, இரண்டும் ஒன்றல்ல" என்று எழுந்தான்.

"குழைக்காதன் அப்படித்தான் சொல்வான்" என்று சிரித்தார் பிரதானி. "அவன் மனைவியே தைலம் விற்கிறவள்தானே, பிரபு!"

ராஜா தாடையைச் சொறிந்தார். அன்றைய ஆசை அவர் மண்டையில் ஏறுவது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

"குழைக்காதா! அங்கேயும் குடுவை, இங்கேயும் குடுவை. அங்கேயும் ஆளுக்குக் கீழ் ஆள், இங்கேயும் ஆளுக்குக் கீழ் ஆள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. நீ சொன்னால் நம்பமாட்டேன், பிரதானி சொன்னாலும் நம்பமாட்டேன். மனிதர்கள் பொய் சொல்வார்கள். ஆகையால் குடுவைகளே வந்து சாட்சி சொல்லட்டும்! ஐந்து நாள் தவணை. குடுவைகள் பேசாவிட்டால் தைலக் கொட்டகைக்கு முத்திரை வைக்கப்படும். அதுவரை அங்கே அடுப்பு மூட்டக்கூடாது."

"பிரபு, ஒரு சின்ன நிபந்தனை" என்று பிரதானி குனிந்தார். "இவன் சூழ்ச்சிக்காரன். லேகியக் குடுவையின் முத்திரையை உடைக்கக்கூடாது. சேர்ந்தவர்கள் பெயர் எழுதிய ஓலைகளைப் புரட்டக்கூடாது. ஒருவரையும் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. தம்முடைய யோசனையில் அவருக்கே ஒரே சந்தோஷம்.

குழைக்காதன் நேரே ஆற்றங்கரைத் தெருவுக்குப் போனான். கொட்டகையில் ஐந்து அடுப்பும் அணைந்து கிடந்தன. பறித்து வந்த முடக்கறுத்தான் கொடி மூட்டை மூட்டையாக வதங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பெண்களும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஊரையே சிரிக்க வைக்கிறவனுக்கு அவர்கள் முகத்தைப் பார்த்ததும் ஒரு வேடிக்கையும் வாயில் வரவில்லை.

"தம்பி, கொட்டகைய மூடினா எனக்கு ஒண்ணுமில்ல. நான் ஒத்தக் கட்டை" என்றாள் உலகம்மாள். "இவளுகளுக்கு வேற போக்கிடம் கிடையாது. அதான் நெஞ்ச அடைக்குது."

"அக்கா, அஞ்சு நாள் இருக்கு" என்றான் குழைக்காதன். தைரியமாகத்தான் சொன்னான். ஆனால் குடுவையைப் பேச வைப்பது எப்படி என்று அவனுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மங்கத்தாய் குழம்பைச் சுவைத்துப் பார்த்துவிட்டு உப்பு எடுக்கப் போனாள். அடுப்பு மேடையில் ஐந்து குடுவைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் தைலம் தீர்ந்துபோன பழைய குடுவைகள். ஒன்றில் உப்பு, ஒன்றில் கடுகு, ஒன்றில் மிளகு.

"ஏன் மங்கத்தாயி, இந்தக் காலிக் குடுவை எல்லா வீட்லயும் இருக்குமா?"

"நல்லாக் கேட்டீங்க! இதுல உப்புப் போட்டு வைக்காத வீடு இந்த ஊர்ல ஏது? பக்கத்து வீட்ல கோழிக்குஞ்சுக்குத் தண்ணியே இதுலதான் வைக்கறாங்க."

"லேகியக் குடுவை?"

"அதெல்லாம் பூசை மாடத்துல பத்திரமா இருக்கும். அத யாரு தொறந்தா?" என்றவள் முகம் மாறியது. "ஐயையோ, ஒருத்தரையும் கேள்வி கேக்கக் கூடாதுன்னாங்களே!"

"பொண்டாட்டிகிட்ட உப்பு இருக்கான்னு கேட்டா அது விசாரணையா?" என்று சொல்லிவிட்டுக் குழைக்காதன் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். அப்போதுதான் அவனுக்குக் குழம்பின் ருசி தெரிந்தது.

மறுநாள் காலை, ராஜாவிடம் அனுமதி வாங்கிக் குழைக்காதன் ஏற்பாடு செய்த முரசு தெருவெல்லாம் முழங்கியது. "தைலமானாலும் சரி, லேகியமானாலும் சரி, தீர்ந்துபோன காலிக் குடுவை வைத்திருப்பவர்கள் ஐந்தாம் நாள் காலையில் அரண்மனை மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும்! குடுவைக்கு ஓர் அச்சு வெல்லம் இனாம்!"

கேட்டவுடன் பிரதானிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆள் லேசுப்பட்டவர் அல்ல. தாண்டவராயனை இழுத்துக்கொண்டு, லேகியத்தில் சேர்ந்தவர்களின் வீடுகளுக்கு ஓடினார். முதலில் ஒரு நெசவாளர் வீடு.

"உங்ககிட்ட இருக்கற பத்துக் குடுவையோட முத்திரையையும் உடைச்சு, உள்ள இருக்கறதக் கொட்டிட்டு, காலிக் குடுவைய மைதானத்துக்குக் கொண்டு வாங்க" என்றான் தாண்டவராயன்.

நெசவாளர் பதறிப்போனார். "என்ன சாமி இப்படிச் சொல்றீங்க? முத்திரை உடைஞ்ச குடுவைய நாளைக்கு எவன் தலையில கட்டறது?"

"சாப்பிட்டதா இருக்கட்டுமே!"

"ஒரு வராகன் பொருளச் சாப்பிடறதா? அதச் சாப்பிடவா வாங்கினேன்? உடைச்சுத்தான் ஆகணும்னா பத்து வராகனத் திருப்பிக் குடுத்துட்டு நீங்களே உடைச்சுக்குங்க."

அடுத்த வீட்டிலும் இதே பதில், அதற்கடுத்த வீட்டிலும் இதே பதில். ஓர் அச்சு வெல்லத்துக்காக ஒரு வராகனை உடைக்க அந்த ஊரில் யாரும் தயாராக இல்லை. பிரதானியின் சொந்த அக்காள், குடுவைகளை முந்தானையால் மூடிக்கொண்டு, "எனக்குக் கீழ இன்னும் ரெண்டு பேரு சேரணும்டா. கிட்ட வந்தா கைய ஒடச்சுப்புடுவேன்" என்றாள். யாரும் திறக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் தாண்டவராயன் கண்டதையும் அடைத்து வைத்திருந்தான். இப்போது திறக்கச் சொன்னால் அவர்கள் திறப்பார்களா? இரண்டு நாள் அலைந்ததில் பிரதானிக்குக் கால் வீங்கியதுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் தம் வீட்டில் இருந்த நாற்பது குடுவைகளின் முத்திரையை உடைத்து, லேகியத்தை வாய்க்காலில் கொட்டிக் கழுவினார்.

ஐந்தாம் நாள் விடிந்தது. மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. உலகம்மாளும் பன்னிரண்டு பெண்களும் ஓரமாக நின்றார்கள். மங்கத்தாய் அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

தைலக் குடுவைகள் வர ஆரம்பித்தன. வந்தன, வந்தன, வந்துகொண்டே இருந்தன. உப்பு படிந்தது, கரி பிடித்தது, காது உடைந்தது, குழந்தை கிலுகிலுப்பையாக ஆட்டியது என்று எத்தனையோ விதம். அரண்மனைக் குதிரைக்காரன் ஒரு வண்டி நிறையக் கொண்டுவந்து கொட்டினான். "குதிரைக் காலுக்குத் தேய்க்கறதுங்க" என்று வெட்கப்பட்டான். மதியத்துக்குள் கோயில் மதில் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. வெல்லம் தீர்ந்துபோய் இரண்டு முறை ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கம் லேகியத்துக்கென்று கோலம் போட்டு வைத்த இடம் வெறிச்சோடிக் கிடந்தது. கடைசியில் பிரதானி தம் ஆட்களுடன் வந்து, பளபளவென்று நாற்பது காலிக் குடுவைகளை அங்கே அடுக்கினார்.

"பார்த்தீர்களா பிரபு! லேகியமும் தீர்ந்திருக்கிறது. நானே சாப்பிட்டேன். இரண்டும் ஒன்றுதான்!"

குழைக்காதன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குடுவைகளை எண்ணினான். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

"மகாராஜா! அரண்மனை வைத்தியரை உடனே கூப்பிடுங்கள்! பிரதானியின் உயிருக்கு ஆபத்து!"

ராஜா திடுக்கிட்டு எழுந்துவிட்டார். வைத்தியர் மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தார்.

"ஒரு குடுவை ஒரு மண்டலத்துக்கு என்பது தாண்டவராயர் வாக்கு. நாற்பது குடுவை என்றால் ஐந்து வருஷத்துக்கு மேல் வர வேண்டும். லேகியம் பிறந்தே ஆறு மாதம்தான். ஐந்து வருஷ மருந்தை நம் பிரதானி ஆறே மாதத்தில் விழுங்கிவிட்டாரே! இப்போதே வெளியே எடுக்காவிட்டால் குடல் தாங்காது!"

வைத்தியர் விளையாட்டுத் தெரியாத மனிதர். பிரதானியின் நாடியைப் பிடித்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "பேதிக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். நாற்பது குடுவைக்கு ஈடாக நாற்பது கரண்டி விளக்கெண்ணெய். பிடித்துக்கொள்ளுங்கள்!"

நாலு சேவகர்கள் பிடித்தார்கள். முதல் கரண்டி உதட்டருகே வந்தபோது பிரதானியின் பதவி, மிடுக்கு எல்லாம் பறந்துவிட்டது.

"வேண்டாம்! நான் சாப்பிடவில்லை! ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை! எல்லாவற்றையும் வாய்க்காலில் கொட்டிவிட்டேன்!"

ஊர் கொல்லென்று சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. லேகியத்தில் சேர்ந்தவர்கள், வீட்டில் விட்டு வந்தால் பிரதானி உடைத்துவிடுவாரோ என்ற பயத்தில், கூட்டத்திலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற குடுவைகளை மெல்லப் பார்த்தார். எல்லாவற்றிலும் முத்திரை அப்படியே இருந்தது.

"குழைக்காதா, இப்போது சொல். நீ சொன்னாலும் கேட்கிறேன்."

"நான் சொல்ல ஒன்றுமில்லை, மகாராஜா. சாட்சிகள் சொல்லிவிட்டன. தைலத்தை வாங்கியவர்கள் வலிக்குத் தேய்த்தார்கள். குடுவை காலியாயிற்று, மறுபடியும் வாங்கினார்கள். அந்தக் காசில்தான் விற்கிறவர்கள் பிழைக்கிறார்கள். நாளையிலிருந்து புதிதாக ஒரு பெண்ணும் விற்பனைக்குச் சேரக்கூடாது என்று தாங்கள் உத்தரவு போட்டாலும் வலி நிற்காது, விற்பனையும் நிற்காது. லேகியத்தை யாரும் தின்பதற்கு வாங்கவில்லை. அடுத்தவரிடம் தள்ளுவதற்கு வாங்கினார்கள். முன்னே சேர்ந்தவர் கையில் விழுந்த வராகன், பின்னே சேர்ந்தவர் மடியிலிருந்து போனது. புதிய ஆள் வருவது நின்றால் எல்லாம் நின்றுவிடும். பேச்சிமுத்துவின் வீட்டில் நின்றுவிட்டது."

ராஜா ஒரு குடுவையை வாங்கித் தம் கையாலேயே முத்திரையை உடைத்தார். வைத்தியர் விரலால் தொட்டு முகர்ந்து, "புளிச்சக்கையும் களிமண்ணும் கருப்பட்டிப் பாகில் குழைத்தது" என்றார்.

தாண்டவராயன் நழுவப் பார்த்தான், சேவகர்கள் விடவில்லை. குழைக்காதன் மெதுவாகச் சொன்னான். "உள்ளே அமிர்தமே இருந்திருந்தாலும் இதே கதிதான், மகாராஜா. திறப்பதற்கு ஒருவரும் இல்லையே."

அப்போது அந்தப்புரத்துப் பணிப்பெண்கள் ஒரு பெரிய கூடையைத் தூக்கிவந்து வைத்தார்கள். உள்ளே நூறு குடுவைகள், முத்திரை கலையாமல் இருந்தன. மகாராணி, ராஜாவுக்கே தெரியாமல், அவர் பெயரிலேயே முதல் ஆளாகச் சேர்ந்திருந்தாள்.

பேச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். "ஓலையில மகாராசா பேரு மொத வரியில இருந்துச்சு. அத நம்பித்தான் மாட்ட வித்தேன்."

ராஜாவின் முகம் கறுத்துவிட்டது. இத்தனை பேரும் தம் பெயரைப் பார்த்து ஏமாந்தார்கள் என்பது அவர் நெஞ்சைச் சுட்டது. பேச்சிமுத்துவின் தோளில் கை வைத்தார். "உன் மாடு உன் வீட்டுக்கு வரும். சேர்ந்த எல்லாருக்கும் கட்டிய வராகன் திரும்பும். தாண்டவராயன் வீட்டிலிருந்து எடுங்கள், அனந்தப்பர் வீட்டிலிருந்து எடுங்கள். போதாததற்கு என் கருவூலத்தைத் திறங்கள். என் பெயரும் அதில் இருந்ததல்லவா?"

அவர் உலகம்மாளைக் கூப்பிட்டு, "தாயே, இப்போதே போய் அடுப்பை மூட்டு" என்றார். பன்னிரண்டு பெண்களும் அழுதுவிட்டார்கள். மங்கத்தாயும் அழுதாள். குழைக்காதன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தான். வியர்வை என்று சொல்லிக்கொண்டான், யாரும் நம்பவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நம் ராஜா அப்படி விடுகிறவர் இல்லையே! மனசு லேசானதும் அடுத்த ஆசை மண்டையில் ஏறிவிட்டது.

"யார் அங்கே? இன்று முதல் இந்த நாட்டில் உள்ள ஒவ்வொருவரும், ஆண், பெண், பிள்ளை எல்லாரும், உலகம்மாளின் தைலத்தை விற்க வேண்டும்! ஒருவர் பாக்கி இருக்கக்கூடாது! நாடே செழிக்கட்டும்!"

மந்திரிகள் எல்லாரும் ஆஹா என்று கைதட்டினார்கள். உலகம்மாள்தான் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயோ, வேண்டாம் மகாராசா! எல்லாரும் வித்தா, யாரு தேய்க்கறது?"

ராஜா வாயைத் திறந்தபடி நின்றார். அவள் சொன்னது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. பிறகு ஆரம்பித்தார் பாருங்கள் சிரிப்பை! கிரீடம் சரிந்தது, இரண்டு சேவகர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கண்ணில் நீர் வழியப் பொற்கிழியை எடுத்துக் குழைக்காதன் கையில் திணித்தார்.

"இந்தா, ஐந்து நாளாக அலைந்து, மதில் உயரத்துக்குக் குடுவையைக் கொட்டி நீ எனக்குப் புரிய வைத்ததை, இந்த அம்மாள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இதில் அவளுக்கும் பங்கு கொடு!"

குழைக்காதன் பொற்கிழியை அப்படியே உலகம்மாளிடம் நீட்டினான். அவள் அதை வைத்துக்கொள்ளவில்லை. "நம்ம வழக்கப்படி வித்தவளுக்குத்தான் மொதப் பங்கு தம்பி" என்று சொல்லி, கிழியைப் பிடுங்கி மங்கத்தாயின் மடியில் போட்டாள். மங்கத்தாய் அதிலிருந்து ஒரே ஒரு காசை எடுத்துப் புருஷன் கையில் வைத்தாள். ராஜா அதைப் பார்த்து மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார், அதற்கு இன்னொரு பொற்கிழி வந்தது.